பத்து மாநிலங்களைக் கடந்த ரிவால்வர்

வெர்னா டாலஃப்சன் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். மொன்டானாவின் கிழக்குக் கோடியில் கோல்டர் என்கிற சின்ன ஊர். ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவே ஐந்து மைல், ஆறு மைல். ஜனவரியில் மூச்சு விட்டால் மீசையில் பனி உறையும். அந்தக் குளிரில் எந்தப் பிள்ளையையும் ரோட்டோரம் நிற்க விட்டு அவள் வண்டியை எடுத்ததில்லை. பிள்ளை வரத் தாமதமானால் எஞ்சினை ஓட விட்டபடி காத்திருப்பாள். ஒருமுறை பள்ளி நிர்வாகி கேட்டார்: "நேரத்துக்கு வர்ற மத்த பிள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க வெர்னா?"

"அவங்க உள்ள கதகதப்பா உக்காந்திருக்காங்க சார்," என்றாள்.

அவள் ஏன் அப்படி இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

கணவன் கேலன் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மறு வருஷமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் பிரிட்டா நாட்டின் மறு கோடியில், மாசசூசெட்ஸில் இருந்தாள். முப்பத்தெட்டாவது வயதை எட்டும்போது அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. "அம்மா, அங்க தனியா உக்காந்து காத்தோட பேசிட்டு இருந்தது போதும். எனக்கு ரெண்டு கை பத்தல, வா," என்று போனில் அழுதாள். வெர்னாவுக்கு அப்போது அறுபத்துமூன்று. வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புவது என்று முடிவு செய்தாள்.

மேஜை நாற்காலிகளைத் தேவாலயத்துக்குக் கொடுத்தாள். கோழிகளைப் பக்கத்துப் பண்ணைக்காரர் பிடித்துக்கொண்டு போனார். மிச்சம் இருந்தது கேலன் விட்டுப்போன நான்கு துப்பாக்கிகள்.

அதற்காக கேலனின் தம்பி ஆரின் ஒரு காலையில் வந்தான். கடைத்தெருவில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவன், பருத்த உடம்பு, ஓயாத வாய். சமையலறை மேஜையில் நாட்டின் வரைபடத்தை விரித்து, காபிக் கோப்பையை மூலையில் வைத்து மடங்காமல் நிறுத்தினான்.

"மான் வேட்டை ரைஃபிள் ரெண்டு, ஷாட்கன் ஒண்ணு. மூணையும் நானே எடுத்துக்கறேன். அண்ணன் ஞாபகமா இருக்கட்டும்." பிறகு மேஜை ஓரத்தில் இருந்த இரும்புப் பெட்டியை மோவாயால் காட்டினான். "அது?"

"அது என்னோட வருது."

"வெர்னா, அங்க ஊரே வேற. இங்க நீ அதப் பையில போட்டுட்டு மளிகைக் கடைக்குப் போனா, போலீஸ்காரன் எப்படி இருக்கேன்னு கேப்பான். அங்க போனா கையில விலங்கப் போட்டுட்டு எப்படி இருக்கேன்னு கேப்பான்."

"உன்கிட்ட சட்டம் கேட்டேன். கதை கேக்கல."

ஆரின் பெருமூச்சு விட்டு வரைபடத்தில் விரலை ஓட்டினான். "பத்து மாநிலம். பத்து சட்டம். வட டக்கோட்டா தாண்டற வரைக்கும் நீ ராணி. மினசோட்டால வாயப் பொத்திக்கோ. இல்லினாய்ஸ்ல பெட்டியத் திறக்கவே திறக்காத. நியூ யார்க் இருக்கு பாரு, அங்கதான் ஆபத்தே. அந்த மாநிலத்து லைசென்ஸ் இல்லாம கைத்துப்பாக்கி வச்சிருந்தாலே குத்தம். ஆனா நாடு முழுக்க ஒரு சட்டம் இருக்கு. கிளம்பற இடத்துலயும் சேர்ற இடத்துலயும் நீ அத வச்சிருக்கலாம்னா, நடுவுல இருக்கிற மாநிலத்தத் தாண்டிப் போலாம். தோட்டா இருக்கக் கூடாது, பூட்டியிருக்கணும், டிக்கியில இருக்கணும். எங்கயும் தங்கக் கூடாது. பெட்ரோல் போடு, ஒண்ணுக்குப் போ, வண்டிய எடு. நியூ யார்க் மோட்டல்ல தலை சாச்சே, தொலைஞ்சே."

"மாசசூசெட்ஸ்ல?"

"புதுசா குடி வந்தவங்களுக்கு அறுபது நாள் குடுப்பாங்க. அதுக்குள்ள லைசென்ஸ் வாங்கணும். வகுப்புக்குப் போகணும், கைரேகை குடுக்கணும், போலீஸ்ல உக்காந்து கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணும்." அவன் குரல் இறங்கியது. "எல்லாத்தையும் கேப்பாங்க வெர்னா. பேசாம இத நம்ம ஷெரீஃப் ஆபீஸ்ல குடுத்துட்டுப் போயேன்."

"குடுத்தா என்ன பண்ணுவாங்க?"

"இங்க போலீஸ் கைக்கு வர்ற துப்பாக்கிய உடைக்க மாட்டாங்க. கடைக்காரங்களுக்கு ஏலம் விட்டுடுவாங்க. போன தடவை நானே நாலு..." சொல்லிக்கொண்டே வந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்புறம் உன் கடைக் கண்ணாடிக்குள்ள அத நான் பாக்கணுமா? யாரோ ஒருத்தன் வாங்கிட்டுப் போய் பாட்டில் வச்சு சுட்டுப் பழகணுமா?"

ஆரின் வரைபடத்தை மடித்தான். மடிப்பு சரியாக வரவில்லை. அப்படியே கசக்கிப் பையில் செருகிக்கொண்டான்.

இரும்புப் பெட்டியில் இருந்தது ஆறு தோட்டா பிடிக்கிற பழைய ரிவால்வர். வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் வெர்னா அதைக் கொண்டு சுட்டிருக்கிறாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, ஜனவரி. சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. பனிப்புயல். கேலன் ரயிலில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தான். எட்டு மாதக் குழந்தை பிரிட்டா தொட்டிலில். அந்த வாரம்தான் பக்கத்துப் பண்ணையில் இரண்டு பேர் கதவை உடைத்து உள்ளே புகுந்து, அங்கிருந்த கிழவரை அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆட்கள் பிடிபடவில்லை. வெர்னாவுக்கு அப்போது இருபத்தாறு வயது.

கதவு தட்டப்பட்டது. தட்டல் இடியாக மாறியது. கதவின் மேல் யாரோ முழு உடம்பையும் சாய்த்து மோதுகிற மாதிரி இருந்தது. கொண்டி ஆடியது. அவள் அலமாரியிலிருந்து ரிவால்வரை எடுத்தாள். மரக்கதவின் ஊடாக ஒரே வெடி.

வெளியே விழுந்து கிடந்தவன் லைல் ஹ்ரூஸ்கா. வயது பத்தொன்பது. அவனுடைய பிக்கப் வண்டி அரை மைல் தள்ளிப் பள்ளத்தில் இறங்கியிருந்தது. கையுறை இல்லை. விரல்கள் மரத்துப்போனதால்தான் அவன் தோளால் மோதியிருக்கிறான் என்று பிறகு சொன்னார்கள். ஊர்த் தபால் ஆபீஸில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இல்சாவின் ஒரே மகன்.

ஷெரீஃப் அந்தச் சமையலறையில் உட்கார்ந்து கேட்டார். "புயல் வேற. அந்தக் காத்துல அவன் ஏதாவது சொல்லியிருந்தாலும் உனக்குக் கேட்டிருக்காது, இல்லையாம்மா?" வெர்னா தலையாட்டினாள். அவர் எழுதிக்கொண்டார். வழக்கு இல்லை. தன் வீட்டுக்குள் தனியாக இருந்த பெண், நியாயமான பயம், சட்டம் அவள் பக்கம் என்றார்கள். மார்ச் மாதம் ரிவால்வரையும் மிச்சமிருந்த ஐந்து தோட்டாக்களையும் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். தோட்டாக்களை அவள் ஆற்றில் எறிந்தாள். ரிவால்வரையும் எறியத்தான் நினைத்தாள். அதற்குள் இல்சா வந்துவிட்டாள்.

வீட்டுக்குள் வரவில்லை. சேறும் பனியுமாகக் கிடந்த முற்றத்தில் நின்றாள். "அத உனக்கே திருப்பிக் குடுத்துட்டாங்களாமே?"

"ஆமா."

"யாருக்கும் விக்காத. யாருக்கும் குடுக்காத. தூக்கியும் போடாத. நீயே வச்சிரு."

அவ்வளவுதான். அதன் பிறகு முப்பத்தேழு வருஷம் வெர்னா வாரம் ஒருமுறை தபால் ஆபீஸுக்குப் போனாள். இல்சா ஓய்வு பெறும்வரை இருவரும் பேசியது ஒரே பேச்சு. "ஸ்டாம்ப்பா?" "ஒரு புக் குடுங்க." வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று கேலன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். வெர்னா அசையவில்லை. யாராவது கதவைத் தட்டினால் மட்டும் அவள் முகம் வெளுத்துவிடும். அதனால் அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் முற்றத்திலேயே நின்று பேர் சொல்லிக் கூப்பிடப் பழகிக்கொண்டார்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அவள் இல்சாவின் வீட்டுக்குப் போனாள். ஒரே ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் அந்தப் படியை மிதித்ததில்லை. கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு தட்டுத் தட்டியதுமே கதவு திறந்தது. எண்பத்தொரு வயதில் இல்சா சுருங்கி ஒரு சிறுமியின் உயரத்துக்கு வந்திருந்தாள். கண்கள் மட்டும் தபால் ஆபீஸ் ஜன்னலில் பார்த்த அதே கண்கள்.

"போறியாமே," என்றாள்.

"ஆமா. மகள்கிட்ட."

"அதுவும் வருதா?"

"நீங்கதானே யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னீங்க."

"சொன்னேன்." இல்சா உள்ளே போய் ஒரு துண்டுக் காகிதத்தில் போன் நம்பரை எழுதிக்கொண்டு வந்தாள். எழுத்து கொஞ்சம்கூட ஆடவில்லை. "போய்ச் சேந்ததும் எங்க வச்சிருக்கேன்னு எனக்குச் சொல்லு."

உட்காரச் சொல்லவில்லை. வெர்னாவும் அதை எதிர்பார்க்கவில்லை.

மே மாதக் கடைசி. வெர்னா தன் பழைய காரில் தனியாகக் கிளம்பினாள். பெட்டி டிக்கியின் அடியில், இரண்டு பூட்டோடு. ஆரின் அச்சடித்துக் கொடுத்த சட்டப் பக்கங்கள் முன் இருக்கையில், பிளாஸ்டிக் உறையில். ஒவ்வொரு மாநில எல்லைப் பலகையைத் தாண்டும்போதும் அவள் கை ஸ்டீயரிங்கை இறுக்கியது. மொன்டானாவில் அவள் ஒரு நிரபராதி. இங்கே, இந்தப் பலகைக்கு இந்தப் பக்கம், யாராவது டிக்கியைத் திறந்தால் அவள் யார்? அதே பெட்டி, அதே பூட்டு, அதே கைகள். வட டக்கோட்டாவின் சமவெளியில் பின்கண்ணாடியில் வெறும் ரோடுதான் தெரிந்தது. இருந்தும் பின் இருக்கையில் யாரோ கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஹீட்டரைப் போட்டாள். மே மாதத்தில்.

மூன்றாவது நாள் பென்சில்வேனியாவில் தங்கினாள். நான்காவது நாள் விடிந்ததும் நியூ யார்க்கை ஒரே மூச்சில் தாண்டிவிடுவது என்று புறப்பட்டாள். பாதி தூரம் கூட வந்திருக்கமாட்டாள். கொட்டுகிற மழையில் பின்பக்க டயர் வெடித்தது. வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினாள். மாற்று டயர் டிக்கியின் அடித்தட்டில். அதன் மேல் பெட்டி.

கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு போலீஸ் கார் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றது. தொப்பிக்கு மேல் மழை உறை மாட்டிய இளம் போலீஸ்காரன் இறங்கி வந்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டினான்.

"அம்மா!"

வெர்னாவின் கைகள் மடியிலேயே கிடந்தன. கண்ணாடிக்கு வெளியே மழையில் ஒரு முகம் மங்கலாகத் தெரிந்தது.

"அம்மா! கண்ணாடிய இறக்குங்க!"

அந்தச் சொல்தான். முப்பத்தேழு வருஷமாக அவள் யாரிடமும், கேலனிடம்கூட, சொல்லாதது. ஷெரீஃப் எழுதிக்கொண்டது பொய். அவளுக்குக் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் லைல் ஹ்ரூஸ்கா கூப்பிட்டது அவளுக்குக் கேட்டது. அம்மா என்றுதான் கூப்பிட்டான். மரியாதைக்கு அவளை அழைத்தானா, உயிர் போகிற குளிரில் பெற்றவளை அழைத்தானா என்பதுதான் அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் கதவை உடைத்துக் கொள்ளையடிக்க வருகிறவன் எவனும் அப்படிக் கூப்பிடமாட்டான் என்பது அந்த நொடியே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் கண்ணாடியை முழுவதும் இறக்கினாள். மழை உள்ளே அடித்தது.

"உடம்புக்கு எதுவும் இல்லையே? வெளுத்துப் போயிருக்கீங்க. டயர நான் மாத்தித் தர்றேன், டிக்கியத் திறங்க."

"டிக்கியில ஒரு ரிவால்வர் இருக்கு," என்றாள் வெர்னா. "பூட்டின பெட்டிக்குள்ள. தோட்டா இல்ல. எனக்கு இந்த மாநில லைசென்ஸ் கிடையாது."

அவன் கை இடுப்புக்குப் போனது. குரலும் மாறியது. "ரெண்டு கையையும் ஸ்டீயரிங் மேல வைங்க. எங்கருந்து வர்றீங்க?"

"மொன்டானா. மாசசூசெட்ஸ்ல மகள் வீட்டுக்குக் குடி போறேன். இதுல சட்டம் இருக்கு, பாருங்க."

அவன் பிளாஸ்டிக் உறையை வாங்கி, முதுகால் மழையை மறைத்துக்கொண்டு படித்தான். தன் காருக்குப் போய் யாரிடமோ வயர்லெஸ்ஸில் பேசினான். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் வெர்னா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லியிருந்தாலும் எடுத்திருக்கமாட்டாள். அவன் கைவிலங்கோடு திரும்பி வரட்டும் என்று மனதின் ஒரு மூலை ஏங்கியது. யாராவது ஒருவர், எங்காவது ஒரு மாநிலத்தில், அதைச் செய்ய வேண்டுமே.

அவன் வெறும் கையோடு வந்தான். "எங்கயும் தங்காம போயிடுவீங்கல்ல?"

"போயிடுவேன்."

"அப்போ பிரச்சனை இல்ல." டிக்கியைத் திறந்து, பெட்டியைத் தானே தூக்கிப் புல்லில் வைத்தான். டயரை மாற்றி முடித்து, பெட்டியைத் துடைத்து மறுபடி உள்ளே வைத்தான். "ஒரு பழைய துப்பாக்கிக்கு இவ்வளவு பாடா அம்மா? வித்துட்டு வந்திருக்கலாமே," என்று சிரித்தான். சகதி படிந்த அவன் விரல்களை வெர்னா பார்த்துக்கொண்டே இருந்தாள். காரில் கிடந்த தன் கையுறைகளை எடுத்து நீட்டினாள். அவனுக்கு அவை சின்னவை. வேண்டாம் என்று கை காட்டிவிட்டுப் போய்விட்டான்.

பிரிட்டாவின் வீட்டில் முதல் சண்டை பெட்டியைப் பற்றித்தான்.

"எந்தத் துப்பாக்கி அம்மா? அதுவா?"

"அதுதான்."

"என் பிள்ளைங்க தூங்கற வீட்டுக்குள்ளயா? நான் தொட்டில்ல கிடந்தப்ப நடந்தது போதாதா உனக்கு? பள்ளிக்கூடத்துல என்னை என்னன்னு கூப்பிட்டாங்கன்னு தெரியுமா? 'அந்தத் தொட்டில் பிள்ளை'ன்னு."

மருமகன்தான் ஒரு வழி கண்டான். கார் நிறுத்தும் கொட்டகையின் சுவரில் ஒரு இரும்புப் பேழையைத் திருகி மாட்டினான். பூட்டி வைக்காவிட்டால் இந்த மாநிலத்தில் அதுவே குற்றம். சாவி வெர்னாவிடம் மட்டும். அன்று சாயங்காலம் அவள் இல்சாவுக்குப் போன் செய்தாள். "கொட்டகைச் சுவத்துல, இரும்புப் பெட்டிக்குள்ள," என்றாள்.

"சரி," என்றாள் இல்சா. போன் வைக்கப்பட்டது.

அறுபது நாள் கெடு ஓடத் தொடங்கியது. பாதுகாப்பு வகுப்பில் ஒரு முழுச் சனிக்கிழமை உட்கார்ந்தாள். துப்பாக்கியின் எந்தப் பக்கத்திலிருந்து குண்டு வரும் என்பதிலிருந்து ஆரம்பித்த ஆசிரியர், "உங்களுக்கு இதுக்கு முன்னாடி ஏதாவது அனுபவம் உண்டா?" என்று அவளைக் கேட்டார். கொஞ்சம் உண்டு என்றாள்.

பிறகு போலீஸ் நிலையத்தில் நேர்காணல். சார்ஜன்ட் டெனிஸ் பெல்டியர் என்ற பெண், நாற்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசுகிறவள். கைரேகை எடுத்தாள். விண்ணப்பத்தில் கைது, தண்டனை, மனநோய் சிகிச்சை என்ற எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று இருந்தது. எல்லாமே உண்மை.

"எதுக்காக இந்தத் துப்பாக்கி வேணும் மிஸஸ் டாலஃப்சன்? பாதுகாப்புக்கா, வேட்டைக்கா, குறி பார்த்துச் சுடற விளையாட்டுக்கா?"

"எதுக்கும் இல்ல."

"எதுக்கும் இல்லன்னு எழுத இதுல இடமில்லையே."

வெர்னா சொன்னாள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை, முற்றத்தில் இல்சா நின்றது வரை. சார்ஜன்ட் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மேஜையில் வைத்துவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், "அந்தப் பையன் ஏதாவது சொன்னானா?" என்றாள்.

ஷெரீஃப் கேட்ட கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது. இந்தக் கேள்விக்குள் எதுவும் இல்லை. வெர்னாவின் வாய் தானாகவே பேசியது. "பயங்கரக் காத்து. ஒண்ணும் கேக்கல."

"நீங்க சொன்னதுனால உங்களுக்கு லைசென்ஸ் மறுக்க முடியாது. வழக்கே கிடையாதே," என்றாள் சார்ஜன்ட். "ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? லைசென்ஸ்தான் வாங்கணும்னு இல்ல. எங்ககிட்ட ஒப்படைச்சீங்கன்னா அது நேரா அழிக்கப் போயிடும். மறுபடி யார் கைக்கும் போகாது."

"ஏலம் விடமாட்டீங்களா?"

"இங்க மாட்டோம்."

வெர்னா வெளியே வந்து காரில் உட்கார்ந்து உடனே இல்சாவைக் கூப்பிட்டாள். இங்கே ஒப்படைத்தால் அழித்தே விடுவார்கள் என்று மூச்சிரைக்கச் சொன்னாள்.

"வேண்டாம்," என்றாள் இல்சா. "என் பையன் எங்க கிடக்கான்னு எனக்குத் தெரியும். அது எங்க இருக்குன்னும் தெரியும். ரெண்டுல ஒண்ணு இல்லாமப் போனா எனக்குப் பிடிமானம் இல்ல. நீ வச்சிரு."

ஆகஸ்டில் லைசென்ஸ் வந்தது. அட்டையில் வெர்னாவின் படம். மொன்டானா சும்மா விட்டுவிட்டது. மாசசூசெட்ஸ் விசாரித்துப் பார்த்துவிட்டு, நீ இதை வைத்திருக்கத் தகுந்தவள் என்று முத்திரை குத்திக் கொடுத்தது. அவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இல்சாவே கூப்பிட்டாள். "இருக்கா?" "இருக்கு." "பூட்டி இருக்கா?" "பூட்டலன்னா இங்க ஜெயில்." இல்சா மூக்கால் ஒரு சத்தம் செய்தாள், அது சிரிப்பாகவும் இருக்கலாம். அதற்கடுத்த ஞாயிறும் கூப்பிட்டாள். ஊரில் கோதுமை எப்படி, தபால் ஆபீஸில் புதிதாக வந்தவளுக்கு முகவரி படிக்கத் தெரியவில்லை, முழங்கால் வலி. ஒரே ஊரில் முப்பத்தேழு வருஷம் ஸ்டாம்ப்பைத் தவிர எதையும் பேசாதவர்கள், இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் வாராவாரம் அரை மணி பேசினார்கள். பிரிட்டா ஒருநாள் கேட்டாள், "யாரும்மா அது, உன் சிநேகிதியா?" வெர்னா குழந்தையின் பால் புட்டியைக் கழுவினாள்.

நவம்பர். மாசசூசெட்ஸில் முதல் பனி விழுந்த ஞாயிறு. இல்சா அன்று ஊர்க் கதை எதுவும் பேசவில்லை.

"வெர்னா, எனக்கு வயசாயிடுச்சு. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. கதவுக்கு வெளிய அவன் என்ன சொன்னான்?"

வெர்னா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து அறையில் இரட்டைக் குழந்தைகளில் ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"அம்மான்னு கூப்பிட்டான்," என்றாள். "ஷெரீஃப்கிட்ட கேக்கலன்னு தலையாட்டினேன். பொய். எனக்குக் கேட்டுது. என்னைக் கூப்பிட்டானா, உங்களையான்னுதான் தெரியல."

எதிர்முனையில் போன் எதன் மீதோ வைக்கப்படும் சத்தம். துண்டிக்கவில்லை. ஒரு கடிகாரம் ஓடுவது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. ஒரு கிழவி தன் வீட்டுக்குள் நடப்பது கேட்டது. வெர்னா போனைக் காதிலிருந்து எடுக்காமல் இருந்தாள். கால் மணி நேரம் கழித்து இணைப்பு அறுந்தது.

மூன்று ஞாயிறு போன் வரவில்லை. வெர்னாவும் கூப்பிடவில்லை. கூப்பிட அவளுக்கு என்ன உரிமை? ராத்திரி படுத்தால் கதவு மோதப்படும் சத்தம் கோல்டரில் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது. எழுந்து போய்த் திறந்து பார்ப்பாள். பனிதான். மருமகன் ஒருநாள் வாசலில் அவளை வெறுங்காலோடு பார்த்து, ஒன்றும் கேட்காமல், தன் கோட்டை அவள் தோளில் போட்டு உள்ளே கூட்டி வந்தான்.

நான்காவது ஞாயிறு இல்சா கூப்பிட்டாள்.

"அதக் குடுத்துடு. உடைக்கறவங்ககிட்ட குடுத்துடு."

"இப்பவா? நான் சொன்னதுக்கு அப்புறமா?"

"அவனோட கடைசி நிமிஷத்துல கூட இருந்தது அது ஒண்ணுதான்னு நினைச்சேன். நீதான் ஒண்ணும் கேக்கலன்னுட்டியே. அதனாலதான் வச்சிருக்கச் சொன்னேன். இப்ப எனக்கு அவன் சொன்ன சொல் கெடச்சிடுச்சு. அந்த இரும்பு எதுக்கு?"

வெர்னா மறுநாள் போலீஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். சார்ஜன்ட் பெல்டியர் கையுறை போட்டு ரிவால்வரைத் திறந்து பார்த்தாள், தொடர் எண்ணைக் குறித்தாள், ஒரு ரசீது எழுதினாள். "லைசென்ஸ் அட்டையையும் திருப்பித் தர்றீங்களா?" என்றாள். வெர்னா கொடுத்துவிட்டாள். எல்லாம் ஏழெட்டு நிமிஷம். காலிப் பெட்டியோடு வெளியே வந்தபோது கை லேசாக இருந்தது. மனசு லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஆகவில்லை. பார்க்கிங்கில் தன் காரின் பின் இருக்கையை ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

அன்றைக்கே இல்சாவிடம் சொன்னாள். "குடுத்துட்டேன். ரசீது இருக்கு."

"நல்லது." பிறகு, வைக்கப் போகிற மாதிரி இருந்தவள், "வெர்னா, ஒரே தடவதான் கூப்பிட்டானா?" என்றாள்.

இந்தக் கேள்வி எந்த மாநிலத்து விண்ணப்பத்திலும் இல்லை. பொய் சொன்னால் தண்டனை என்று இதன் அடியில் யாரும் அச்சடித்திருக்கவில்லை.

"ஒரே தடவதான்," என்றாள் வெர்னா.

"அப்போ உனக்கு யோசிக்க நேரமே இருந்திருக்காது," என்றாள் இல்சா. அவள் குரலில் ஏதோ ஒன்று தளர்ந்தது. "அவனுக்கும் ரொம்ப நேரம் ஆகியிருக்காது."

மூன்று தடவை. முதல் தடவை காற்று என்று நினைத்தாள். இரண்டாவது தடவை அலமாரியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் கதவுக்கு மிக அருகில் இருந்தாள்.

இல்சா அதை மறுபடி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் கூப்பிடுகிறாள். குழந்தைகளுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரிக்கிறாள். ஒன்றுக்கு நாலு, இன்னொன்றுக்கு ரெண்டு என்று வெர்னா சொல்கிறாள்.